ஜவ்வு தளர்ந்த மூட்டுகளோடு வேலூரில்: எங்கே போவது, எதை எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும்

துணி காயப்போடக் கையைத் தூக்கினால் தோள் பிசகுகிறது. சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் புரள்கிறது. நேராக நின்றால் முட்டி பின்பக்கமாக வளைகிறது. எக்ஸ்ரே எடுத்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் "நார்மல்" என்று வருகிறது. உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இப்படி இருந்தால் மேலே படியுங்கள்.

எனக்குத் தோளும் முட்டியும். என் மகளுக்கு விரல்களும் கணுக்காலும். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு இரண்டு பேருக்குமாக அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுபவள். அதனால் மருந்தைவிடக் காகிதம், காசு, நேரம் பற்றித்தான் அதிகம் சொல்லுவேன். இந்தத் தொல்லை ஸ்கேனில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஆகவே அது எழுத்தில் தெரியும்படி நாம்தான் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளில் பாதி அதற்காகத்தான்.

1. வீட்டிலேயே அளந்து பாருங்கள்

பெய்ட்டன் மதிப்பெண் என்று ஒரு சோதனை இருக்கிறது. கருவி வேண்டாம், ஒரு மேசை போதும். மொத்தம் 9 மதிப்பெண்.

உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, மறு கையால் சுண்டுவிரலைப் பின்னால் தூக்குங்கள். 90 டிகிரியைத் தாண்டினால் ஒரு கைக்கு ஒன்று. கட்டைவிரலை மடக்கினால் முன்கையின் உட்புறத்தைத் தொடுகிறதா? ஒரு கைக்கு ஒன்று. முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைந்தால் பக்கத்துக்கு ஒன்று. முட்டிக்கும் அதே கணக்கு. கடைசியாக, முட்டியை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் முழுசாகப் பதிக்க முடிந்தால் ஒன்று.

2017இல் வந்த சர்வதேச வரையறைப்படி பருவமடையாத பிள்ளைகளுக்கு 6, பருவமடைந்தவர்களிலிருந்து 50 வயதுவரை 5, அதற்கு மேல் 4 வந்தால் மூட்டுகள் பொதுவாகத் தளர்வானவை என்று எடுத்துக்கொள்வார்கள். வயது ஏற ஏற மூட்டு இறுகும் என்பதால்தான் இந்த வித்தியாசம். இப்போது வளையாவிட்டாலும் சின்ன வயதில் தரையைத் தொட்டீர்களா, உடம்பை வளைத்து வேடிக்கை காட்டினீர்களா, தோளோ முட்டிச்சில்லோ ஒரு முறைக்கு மேல் விலகியிருக்கிறதா என்பதெல்லாமும் கணக்கில் வரும். மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த எண் ஒரு நோய்ப் பெயர் ஆகாது. 9க்கு 9 வந்தும் ஒரு வலியும் இல்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. 4 மட்டும் வந்து தினம் தோள் பிசகுகிறவர்களும் உண்டு. வளைவது மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். வலியோ பிசகுதலோ சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சோதனை செய்யும்போது ஒவ்வொரு நிலையையும் பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எங்கே, மாமாவுக்கு வளைச்சுக் காட்டு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பிள்ளையை வளைக்கச் சொல்வதை இன்றோடு விடுங்கள். நெட்டி முறிப்பதும் அப்படித்தான்.

2. ஒரு நோட்டு, ஒரு ஃபைல்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மூட்டு பிசகும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, எந்த மூட்டு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தானாகத் திரும்பியதா அல்லது யாராவது போட்டார்களா, எத்தனை நாள் வலித்தது. ஒன்றிரண்டு மாதம் எழுதினாலே போதும். "அடிக்கடி வலிக்குது டாக்டர்" என்பதைக் கேட்கிற மருத்துவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. "ஜூன் 3, பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்தேன், பிரேக் போட்டதும் இடது தோள் இறங்கியது, மூன்று நாள் கை தூக்க முடியவில்லை" என்று இருந்தால் அவர் அடுத்த கேள்வி கேட்பார்.

ஃபைலில் இருக்க வேண்டியவை:

- ஆதார், குடும்ப அட்டை: அசலோடு நான்கைந்து ஜெராக்ஸ்
- பாஸ்போர்ட் அளவுப் படங்கள்
- பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஃபிலிம்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும்
- சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை அல்லது சீட்டு
- ஒரு தாளில் குடும்ப விவரம்: அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், இரு பக்கத் தாத்தா பாட்டி. யாருக்கு மூட்டு விலகும், குடலிறக்கம் இருந்தது, கண் லென்ஸ் நகர்ந்தது, இதய வால்வுக் கோளாறு, சின்ன வயதில் திடீர் மரணம்

குடும்ப விவரத்தைப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் வாங்க முடியும். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். இந்தத் தளர்ச்சியில் பல வகைகள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்குபவை.

3. எந்த வாசலுக்கு முதலில் போவது

எல்லோரும் நேரே எலும்பு டாக்டரிடம்தான் போகிறோம். உடைந்ததையும் கிழிந்ததையும் சரிசெய்வது அவர் வேலை. ஒன்றும் உடையாமல் எல்லாமே தளர்ந்திருக்கிறவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும். என் அனுபவத்தில் முதலில் போக வேண்டியது பி.எம்.ஆர். எனப்படும் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறை. அவர்கள் உடம்பு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் அவர்கள் வழியாகத்தான். விரல்கள் காலையில் வீங்கி விறைத்தால் மட்டும் முதலில் ருமட்டாலஜி, அதாவது வாத நோய்ப் பிரிவு. வாத நோய் அல்ல என்று முடிவானபின் பி.எம்.ஆர்.

*அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.* வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. வெளிநோயாளி சீட்டு, மருத்துவர், மருந்து எதற்கும் கட்டணம் இல்லை. காலை எட்டு மணிக்குள் சீட்டு வரிசையில் நில்லுங்கள். பதினொன்றுக்கு மேல் போனால் அன்றைய நாள் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால், தனியாரில் பார்த்தாலும் இங்கே ஒரு ஓ.பி. பதிவு வைத்திருப்பது நல்லது. ஏன் என்று 8ஆம் படியில் சொல்கிறேன்.

*சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை).* பி.எம்.ஆர்., ருமட்டாலஜி, மரபியல், இதயம் எல்லாம் ஒரே நிறுவனத்தில் இருப்பது பெரிய வசதி. ஒரு முறை பதிந்தால் கிடைக்கிற மருத்துவமனை எண் வாழ்நாள் முழுக்க அதுவே. பழைய எண் இருந்தால் புதிதாகப் பதியாதீர்கள், பழைய குறிப்புகள் பிரிந்துபோகும். ஜெனரல், பிரைவேட் என்று இரண்டு வழி உண்டு. பிரைவேட்டில் தேதி சீக்கிரம் கிடைக்கும், மூத்த மருத்துவர் பார்ப்பார், கட்டணம் அதிகம். ஜெனரலில் காத்திருப்பு கூட. நீண்ட காலத் தொல்லை என்பதால் ஜெனரலே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணம் பிசியோதெரபிக்கு ஆகும்.

அப்பாயின்ட்மென்ட்டை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். சீட்டில் எந்த வளாகம் என்று கட்டாயம் பாருங்கள். ஊருக்குள் இருப்பது ஒன்று, சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரி பக்கம் இருக்கிற ராணிப்பேட்டை வளாகம் இன்னொன்று. தப்பான வளாகத்துக்குப் போய் நின்றால் ஆட்டோவுக்கும் காசு, நேரமும் போச்சு. காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி வழியாகப் போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நின்றுகொண்டு போகிற கூட்டத்தில் தோள் பிசகுகிற ஆளாக இருந்தால் போகும்போதாவது ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். இருக்கையின் முதுகுப் பக்கக் கைப்பிடியைப் பிடியுங்கள்.

ஒரே நாளில் முடியும் என்று நம்பி வராதீர்கள். முதல் நாள் மருத்துவர், மறுநாள் எக்கோவோ (இதய ஸ்கேன்) ரத்தப் பரிசோதனையோ, பிறகு ரிப்போர்ட்டோடு மறுபடி மருத்துவர் என்று போகும். வெளியூர்க்காரர்கள் தங்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ்கள் நிறைய. அறையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்: லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று இரண்டையும் கண்ணால் பார்க்க வேண்டும். வங்காளம், அசாமிலிருந்து வருகிற கூட்டத்தால் நல்ல அறைகள் காலையிலேயே போய்விடும்.

*கட்டு போடுகிறவர்கள், சுளுக்கு எடுக்கிறவர்கள்.* நம் பக்கத்தில் யாருக்குக் கை பிசகினாலும் முதலில் சொல்வது புத்தூர்க் கட்டுதான். எலும்பு முறிவுக்குப் போகிறவர்கள் போகட்டும், அதில் நான் தலையிடவில்லை. தளர்ந்த மூட்டை வாரக்கணக்கில் இறுக்கிக் கட்டி வைத்தால் சுற்றியுள்ள தசை மெலிந்துவிடும். அந்த மூட்டை இழுத்துப் பிடிப்பதே தசைதான். கட்டை அவிழ்த்த பிறகு முன்னைவிட எளிதாகப் பிசகும். எண்ணெய் போட்டு மெதுவாக நீவுவதில் தவறில்லை. இழுத்து, முறுக்கி, "டக்"கென்று சத்தம் வரச் சொடுக்குகிற வேலை மட்டும் வேண்டாம். கழுத்தில் அறவே வேண்டாம்.

4. மருத்துவர் முன்னால்

உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நோட்டை நீட்டி, "மூட்டுகள் பல இடத்தில் தளர்வாக இருக்கின்றன, பெய்ட்டன் இத்தனை, இந்த வருஷம் இத்தனை முறை பிசகியிருக்கிறது, வீட்டில் இன்னாருக்கும் உண்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். வலியை மட்டும் சொன்னால் வலிக்கு மட்டும் மருந்து வரும்.

மூட்டுக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றுகிறவற்றையும் சொல்லுங்கள்: இலேசாக இடித்தாலே ரத்தம் கட்டுவது, தழும்பு காகிதம்போல் அகலமாகிவிடுவது, எழுந்து நின்றதும் தலை சுற்றிப் படபடப்பது, பல் டாக்டர் போடும் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காதது, ஓயாத வயிற்றுக் கோளாறு.

பரிசோதனைகளில் எது தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். என்ன எதிர்பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர் போன்ற ரத்தப் பரிசோதனைகள் வாத நோயை ஒதுக்குவதற்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அவை சரியாகவே வரும். "ஒன்றுமில்லை" என்று அதற்குப் பொருளல்ல. எக்கோ இதய வால்வையும் மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வேரையும் பார்க்க. ஆள் மிக உயரம், கைகால் நீளம், கண்ணில் லென்ஸ் கோளாறு என்றிருந்தால் மார்ஃபான் நோய்க்குறியா (மூட்டோடு கண்ணையும் இதயத்தையும் தாக்கும் பரம்பரை நோய்) என்று பார்ப்பார்கள். கண் பரிசோதனையும் சேரும். படுத்தும் நின்றும் பத்து நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுகிற சோதனை தலைசுற்றலுக்கு. நின்றபின் துடிப்பு பெரியவர்களுக்கு 30, பதின்வயதினருக்கு 40 கூடி, ரத்த அழுத்தம் இறங்காமல் இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் உண்டு.

மரபணுப் பரிசோதனையில்தான் பலர் காசை இழக்கிறார்கள். மூட்டும் தோலும் தளர்ந்திருக்கும் பரம்பரை நோய்களின் தொகுப்புக்கு ஏலர்ஸ் டான்லோஸ் நோய்க்குறி என்று பெயர். 2017 வரையறையில் அதற்கு 13 வகைகள். அதில் மூட்டுத் தளர்ச்சியே முதன்மையான வகைக்கு, அதாவது நம்மில் அதிகம் பேருக்கு இருப்பதற்கு, இன்றுவரை மரபணுச் சோதனை கிடையாது. பரிசோதித்துக் கண்ணால் பார்த்துத்தான் சொல்வார்கள். பல ஆயிரம் ரூபாய்ச் சோதனையை யாராவது எழுதினால், "இந்த முடிவு எந்த வகையை உறுதிப்படுத்தவோ ஒதுக்கவோ, அதனால் என் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். ரத்தக்குழாயைத் தாக்கும் வகை என்று சந்தேகம் இருந்தால் (தோலுக்கடியில் நரம்பு தெரிவது, காரணமில்லாமல் ரத்தம் கட்டுவது, குடும்பத்தில் இளவயதில் ரத்தக்குழாயோ குடலோ கிழிந்த சாவு) தயங்காமல் மரபியல் துறைக்குப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

அறையை விட்டு வெளியே வருமுன், கண்டறிந்ததைப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டில் "மூட்டு வலி" என்று மட்டும் இருந்தால் பள்ளிக்கும் செல்லாது, சான்றிதழுக்கும் செல்லாது.

5. பிசியோதெரபி: காசும் பொறுமையும் இங்கே போடுங்கள்

ஜவ்வை இறுக்க மாத்திரை கிடையாது. மூட்டுப் பையை இறுக்குகிற அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் உடம்பு முழுக்கத் தளர்வு உள்ளவர்களுக்கு அது மறுபடி இளகிவிடும் வாய்ப்பு கூட என்பதால் அது கடைசி வழி. கீல் ஆடுகிற கதவுக்குச் சட்டத்தைப் பலப்படுத்துவதுபோல, ஜவ்வு செய்யாத வேலையைத் தசைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சை.

பிசியோதெரபிஸ்ட்டிடம் முதல் நாளே சொல்லுங்கள்: "எனக்கு எல்லா மூட்டும் தளர்வு, இழுத்து நீட்டுகிற பயிற்சி வேண்டாம்." விறைத்த மூட்டைத் தளர்த்துவதுதான் அவர்களிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தேவை, கை தானாக அதற்குத்தான் போகும். நமக்குத் தேவை இவை: மூட்டை அசைக்காமல் தசையை இறுக்குவது, சுவரிலோ தரையிலோ கைகால் ஊன்றிச் செய்யும் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை. உதாரணமாக, காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை ஐந்து நொடி அழுத்தி விடுவது. சுவரைப் பார்த்து நின்று கைகளை ஊன்றிச் செய்கிற தண்டால். முட்டியையும் முழங்கையையும் கடைசிவரை நீட்டிப் பூட்டாமல், ஒரு மயிரிழை மடக்கியே வைத்திருப்பது. இந்த மயிரிழை மடக்கு பழக எனக்குப் பல மாதம் பிடித்தது. பழகியபின் நிற்பதே மாறிவிட்டது.

பண விஷயம். தனியார் கிளினிக்குகளில் மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்வார்கள், மின்சிகிச்சை, மெழுகு ஒற்றடம் என்று தினம் வரச் சொல்வார்கள். சூடு வலியைக் குறைக்கும், அவ்வளவே. நமக்கு வேண்டியது பயிற்சி கற்பது. வாரம் ஒரு முறை போய்க் கற்று, வீட்டில் தினம் செய்து, மாதம் ஒரு முறை சரிபார்த்துக்கொண்டால் போதுமா என்று பேசிப்பாருங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் நீங்கள் செய்யும்போது உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கவே சிரமப்படுகிறவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பதிய முடியுமா என்று கேளுங்கள்; அதில் வீட்டுக்கே வந்து தருகிற பிசியோதெரபி உண்டு.

மூன்று மாதத்துக்குள் பலன் தேடாதீர்கள். மறுநாளும் வலி நீடித்தால் பயிற்சியின் அளவு கூடிவிட்டது. பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். நடப்பவர்களுக்குக் கோட்டையைச் சுற்றி அதிகாலையில் நடப்பது நல்லது. பங்குனி முதல் கத்திரி முடியும்வரை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேலூர் வெயில் எமன். உப்புப் போட்ட நீராகாரம், மோர் கையோடு இருக்கட்டும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் உப்பைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட் குடுங்க" என்று வாங்கிப் போடாதீர்கள். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக்கைத் தினம் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இன்னொன்று: காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் கடைக்காரர் எடுத்துத் தருகிற சிப்ரோஃப்ளாக்சசின், அந்த இனத்து லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகியவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை, மகாதமனி பலவீனமான நோய்க்குறிகள் உள்ளவர்களுக்கு ஆபத்து என்றே எச்சரிக்கை உண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் உங்கள் மூட்டுத் தளர்ச்சியைச் சொல்லி, வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள்.

6. வீட்டில் மாற்ற வேண்டியவை

செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நிறைகுடத்தை இடுப்பில் தூக்குவதை விடுங்கள், பாதி பாதியாகத் தூக்குங்கள். குக்கரை இரண்டு கையாலும் பிடியுங்கள். அரிவாள்மனைக்குப் பதில் மேடையில் நின்று கத்தி. கோலத்தைக் குத்துக்காலிட்டுப் போடாமல் சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடலாம், மாமியார் ஒரு வாரம் பேசுவார், பிறகு பழகிவிடும். தூங்கும்போது பிசகும் தோளுக்குக் கீழே ஒரு தலையணை.

செலவு வைப்பவை: வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. இரும்பின் எடை தனி. 5 கிலோ சிலிண்டரும் வீட்டு இணைப்பில் உண்டு, ஏஜென்சியில் கேளுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு ஸ்டாண்டும் குழாயும். இந்திய டாய்லெட் மட்டும் இருக்கிற வீட்டில் முதலில் ஒரு கமோட் நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி. வண்டி வாங்கினால் செல்ஃப் ஸ்டார்ட்.

முட்டிக்கு உறை, கணுக்காலுக்குப் பட்டை எல்லாம் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அளவு எடுக்காமல் வாங்கினால் வீண். நாள் முழுக்கப் போட்டிருக்காதீர்கள். படி ஏறுவது, பயணம், தண்ணீர் பிடிப்பது போன்ற நேரத்துக்கு மட்டும். பின்னால் வளைகிற விரல்களுக்கு மோதிரம்போன்ற ஸ்ப்ளின்ட்டை பி.எம்.ஆர். பிரிவில் கைக்கேற்றபடி செய்து தருவார்கள்.

செருப்பு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனி ஷூக்கள் மலிவாகவே கிடைக்கும். ஹவாய் செருப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, குதிகாலைப் பிடிக்கிற, பின்பட்டையுள்ள, முறுக்கினால் மடங்காத அடிப்பாகமுள்ளதாகப் பாருங்கள். கடையில் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.

7. பள்ளிக்கூடம்

"இன்னா, பொண்ணு ரப்பர் மாதிரி வளையுது! யோகாவுல சேத்துடுங்கம்மா, கப்பு வாங்கும்" என்று பி.டி. வாத்தியாரே சொல்லுவார். வாங்கும், இருபது வயதில் முட்டி போகும். யோகாவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசிவரை வளைக்கிற போட்டி யோகாதான் வேண்டாம்.

தலைமையாசிரியருக்கு மருத்துவச் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக உங்கள் நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதில் எழுத வேண்டியவை: தோப்புக்கரணம், முட்டி போடுதல் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, புத்தகப் பை பாரம் குறைய இரண்டாவது செட் புத்தகம் வகுப்பில் இருக்கட்டும், தரையில் நீண்ட நேரம் உட்கார வைக்க வேண்டாம், பிசகினால் யாரும் இழுத்துப் போடாமல் எங்களைக் கூப்பிடட்டும்.

எழுதினால் விரல் வலிக்கிற பிள்ளை பத்தாவது, பன்னிரண்டாவது எழுதும்போது கூடுதல் நேரமும் எழுத உதவியாளரும் கேட்கலாம். இது பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டிய விண்ணப்பம். நாமினல் ரோல் (தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல்) தயாராகும்போதே, முதல் பருவத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்தபின் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

8. மாற்றுத்திறனாளி சான்றிதழ்

எல்லோருக்கும் கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. நடையும் கைவேலையும் நிரந்தரமாகக் குறைந்தவர்களுக்கு மட்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூட்டுத் தளர்ச்சி என்ற பெயரில் தனி வகை இல்லை. கைகால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் மதிப்பிடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

விண்ணப்பம் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இணையதளத்தில். கட்டணம் இல்லை. ஆதார், படம், கையெழுத்து, மருத்துவச் சீட்டுகள் போதும். போனிலேயே செய்யலாம், இல்லையென்றால் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். "நானே வாங்கித் தருகிறேன்" என்று வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பதிவு எண் வந்தபின் அரசு மருத்துவமனையில் மருத்துவர் குழு முன் நிற்க வேண்டும். அடுக்கம்பாறை ஓ.பி. சீட்டுகள் கையில் இருந்தால், இது நேற்று முளைத்த புகார் அல்ல என்று அவர்களுக்கே தெரியும்.

பெரிய பொறி இது: இயக்கத்தை அளக்கிற கருவியில் நம் மூட்டு குறைவாக வராது, அளவுக்கு மேல் வரும். அதைப் பார்த்து "நல்லாத்தானேம்மா வளையுது" என்று பூஜ்யம் போட்டுவிடலாம். காலுக்கான மதிப்பீட்டு முறையில் இயக்கம் தனி, நிலைத்தன்மை தனி. சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குந்துவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, திரும்புவது என்று செய்யவைத்துப் பார்க்க வேண்டியது அது. "நிலைத்தன்மையையும் பாருங்க ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். நோட்டையும் பி.எம்.ஆர். சீட்டையும் அப்போதே நீட்டுங்கள். அன்றைக்கு என்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து நன்றாக நடந்து காட்டாதீர்கள். நடிக்கவும் வேண்டாம்.

9. காப்பீடு

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ-சேவையில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். சான்று வந்தபின் குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு. இது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்கிற அறுவை சிகிச்சைகளுக்கு, ஓ.பி., பிசியோதெரபி, பட்டை வாங்குவதற்கெல்லாம் நம் கைக்காசுதான். தனியார் பாலிசி எடுத்தால் இந்த நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்ததைக் காட்டித்தான் க்ளெய்மைத் தள்ளுவார்கள்.

10. பர்ஸில் வைக்க ஒரு சீட்டு

தோளோ முட்டியோ விலகித் திரும்பாமல் நின்றால், கை கால் மரத்தால், பாதம் சில்லிட்டு வெளுத்தால், கழுத்து வலியோடு கைகால் பலம் குறைந்தாலோ சிறுநீர் நின்றாலோ, நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீர் வலி வந்தால் 108ஐ அழையுங்கள்; நோட்டெல்லாம் பிறகு.

அந்த நேரத்தில் நீங்கள் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள். ஆகவே ஒரு சீட்டில் இதை எழுதி, லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள்; தமிழில் ஒரு பக்கம், மறுபக்கம் மருத்துவரிடம் கேட்டு ஆங்கிலத்தில்:

பெயர், ரத்த வகை, மருத்துவமனை எண். மூட்டுத் தளர்ச்சி உண்டு; தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மயக்கம் கொடுத்தால் கழுத்தையும் தாடையையும் மெதுவாகக் கையாளவும். மரப்பு ஊசி குறைவாகவே பிடிக்கும் (உங்களுக்கு அப்படி இருந்தால் மட்டும்). தையல் சீக்கிரம் பிரிக்க வேண்டாம் (உங்கள் மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும்). ஒவ்வாத மருந்துகள். வீட்டு போன் எண்.

கருத்தரித்தவர்கள் முதல் செக்கப்பிலேயே இந்தச் சீட்டைக் காட்டுங்கள். அந்த மாதங்களில் ஜவ்வு எல்லோருக்கும் இளகும், நமக்கு இன்னும் கூட. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனுக்கு ஆகிற காசு ஒரு டீ, வடைச் செலவுக்குள் அடங்கும். மாத்திரை மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி வையுங்கள்.